ஐதராபாத்தில் இருக்கும் கடிதத்தைப் பிரிக்காதே

திருவண்ணாமலை
17-1-84

அன்பு மகள் பூங்காவனத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், அம்மா, கொட்டகையில் செவலைப் பசு, மூவரும் சுகம். உன் சுகத்தை வழக்கம்போலப் பொதுவாகக் கேட்கப் போவதில்லை. முழங்கால் எப்படி, சுண்டு விரல் எப்படி, உட்காரும் இடம் எப்படி என்று உறுப்பு உறுப்பாகக் கேட்கிறேன், நீயும் அப்படியே பதில் எழுது. ஜான்சியிலிருந்து போட்ட கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. தில்லியிலிருந்து கன்னியாகுமரிக்கு எட்டுப் பெண்கள் சைக்கிளில் கிளம்பி ஆறு நாளில் ஜான்சி வந்தாயிற்று, ஆனால் முழங்கால் முன்பக்கம் வலித்து மடக்க முடியவில்லை, சுண்டு விரல் மரத்துப்போகிறது, உட்கார முடியாமல் பாதி வழி பெடல் மேல் நின்றே வந்தேன், மற்ற ஏழு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள், எனக்கு மட்டும்தான் இப்படி, நாகபுரி வரை பல்லைக் கடித்துக்கொண்டு வருவேன், அங்கே மூன்று நாள் ஓய்வு, அதற்குள் சரியாகவில்லை என்றால் ரயில் ஏறிவிடுவேன், யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்களுக்கு மட்டும்தான் அப்பா என்று எழுதியிருக்கிறாய். நான்கு தடவை படித்தேன். இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள். ஒன்று, நாகபுரியில் ரயில் ஏறாதே, உன் காலில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு, ஐதராபாத் பெரிய தபால் ஆபீசில் என் கையெழுத்தில் ஒரு நீல இன்லண்ட் உன் பேருக்குக் காத்திருக்கிறது, அதைப் பிரிக்காதே.

அது என்ன கடிதம் என்றால், என் அவசரபுத்தி. தில்லியிலிருந்து நீ போட்ட முதல் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. உத்தரவு கேட்டா எழுதியிருந்தாய், கிளம்பியாயிற்று என்று தகவல் சொல்லியிருந்தாய். ஆபீசில் இரண்டு மாதம் லீவு, விடுதியில் கூட இருக்கும் பெண்கள்தான் துணை, வழியில் தங்கும் ஊர்கள் இவை, தேதி எங்களுக்கே தெரியாது, அந்தந்த ஊர் பெரிய தபால் ஆபீசுக்குக் கடிதம் போடுங்கள், வணக்கம், முடிந்தது. சரி, சர்க்கார் உத்தியோகம் பார்க்கிற பெண், நாம் என்ன சொல்ல என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் உள்ளே நீ நிற்கிறாய். பேண்ட் போட்டுக்கொண்டு, தலையில் தொப்பி, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கடையில் இருந்தவர்கள் பேப்பரைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அது போதாதென்று பதினோரு மணிக்குப் போளூர் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த தரகர் மாட்டாஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். நான் ஒரு கிடாரிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன், சுற்றிலும் பத்துப் பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி, மாப்ள வூட்ல பின்வாங்கிட்டாங்க கம்பவுண்டரே, பேப்பர்ல பேண்ட்டு போட்டுகினு வர்ற பொண்ணு எங்களுக்கு ஒத்துவராதுன்னுட்டாங்க என்றார். எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உனக்குத் தெரியும். ஊசியைக் கழுவிக்கூட வைக்கவில்லை. நேராகத் தபால் ஆபீஸ் போய், கயிற்றில் கட்டி வைத்திருக்கிற பேனாவைப் பிடுங்கி, நின்ற வாக்கில் எழுதி, பசையை அள்ளிப் பூசி, பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மூச்சே விட்டேன். இத்தனைக்கும் நீ ஜான்சியில் உட்கார்ந்து உங்களுக்கு மட்டும்தான் அப்பா என்று எழுதியதற்கு மறுநாள் அது. நேற்று இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதை ஏன் நாகபுரிக்குப் போடாமல் ஐதராபாத்துக்குப் போட்டேன் என்று கேட்பாய். அதில்தான் கடவுள் இருக்கிறார். நான் வாலிபத்தில் ஒரு நாளைக்கு அறுபது மைல் சர்வசாதாரணமாக மிதிப்பேன் என்று உனக்கும் உன் சிநேகிதிகளுக்கும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கிலேயே போட்டுப் பார்த்தேன், கடிதம் போய்ச் சேருவதற்குள் நீ நாகபுரியைத் தாண்டிப் போயிருப்பாய் என்று வந்தது. அதனால் அடுத்த பெரிய ஊரை எழுதினேன். நாளைக்கு நாற்பது மைல்தான் ஆகிறது என்று உன் கடிதத்தைப் பார்த்தபிறகுதான் தெரிகிறது. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் எந்த நாளும் முப்பதைத் தாண்டியதே இல்லை. வாலிபத்தைப் பற்றி அளந்த அந்தப் புளுகு மட்டும் இல்லையென்றால் இந்நேரம் அந்தக் கடிதம் நாகபுரியில் உனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னேன், இத்தனை வருசத்துல நீங்க சொன்ன பொய்யில உருப்படியானது இது ஒண்ணுதாங்க என்றாள்.

கோபம் எப்போது போயிற்று என்று கேட்டால், மாட்டுப் பொங்கலன்று போயிற்று. அடி அண்ணாமலை கிராமத்து வெள்ளையம்மாள் உனக்கு ஞாபகம் இருக்கும், போன மழைக்காலத்தில் அவள் பசுவுக்குக் கன்று குறுக்கே திரும்பி நான் விடிய விடிய இருந்து எடுத்தேனே, அந்த வீடு. பொங்கல் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். முதலில் கொட்டகைக்கு வாங்க என்று கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவரில், சாணிப் பிள்ளையாருக்குப் பக்கத்தில், பேப்பரிலிருந்து வெட்டிச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, மஞ்சளும் குங்குமமும் வைத்து, நீ. மற்ற ஏழு பெண்களையும் கத்தரித்து எடுத்துவிட்டாள், பாவம், ஒருத்தியின் முழங்கை மட்டும் மிச்சம் இருக்கிறது. பேர் போடாத போட்டோவில் எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். இன்னா கம்பவுண்டரே, மூக்கு அப்படியே உங்க மூக்கு, வேற யாருக்கு வரும், எம் பொண்ணு இதோ இருக்கற கலசபாக்கம் போவறதுக்கு ரெண்டு நாளா தொணைக்கு ஆளு தேடிகினு நிக்கிறா, உங்க பொண்ணு தில்லிலேர்ந்து மெதிச்சிகினு வர்றா, இத்த ஊர் முழுக்கச் சொல்லாம வாய மூடிகினு இருந்தீங்களே, கண்ணு படும்னா என்று கேட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டு உனக்கு அப்படி ஒரு கடிதம் போட்டவன் நான், இவளோ நான் அடக்கமானவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பொங்கலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். திரும்பி வரும் வழியில் பாட்டு வந்தது எனக்கு, நான் பாடினால் மாடு பால் தராது என்று அம்மா சொல்வாளே, அந்தப் பாட்டு.

நேற்று உன் கடிதம் வந்ததும் யாரிடமும் சொல்லவில்லை, சத்தியம். சாயங்காலம் நேராகத் தேரடித் தெருவில் சர்தார் பாய் சைக்கிள் கடைக்குப் போனேன். நீ ஒரு மணி நேர வாடகைக்கு வண்டி எடுத்துக் கற்றுக்கொண்டாயே, அதே கடைதான், அதே மரப்பெட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கிறார், தாடி மட்டும் வெளுத்துவிட்டது. தெரிந்த ஒருத்தருக்கு முழங்கால் வலி, சைக்கிளில் தூரம் போகிறவர் என்றேன். ரிம்மிலிருந்து கண்ணை எடுக்காமல், முட்டிக்கு முன்னாலயா பின்னாலயா என்றார். முன்னால் என்றேன். முன்னால வலிச்சா சீட்டு தாழ்ச்சி, பின்னால நரம்பு இழுத்தா சீட்டு ஒசரம், வேற ஒண்ணுமில்ல என்றார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்து, பூங்காவனம் பாப்பாவுக்கா என்று கேட்டார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்போல. அவர் சிரித்துக்கொண்டே, மறந்துட்டீங்களா முருகையண்ணே, நீங்கதானே சீட்டை எறக்கு எறக்குன்னு என் உசுர எடுத்தீங்க, அதுக்கு மேல எறங்காதுன்னு சொன்னாலும் கேக்காம சீட்டு பைப்பையே ரெண்டு இஞ்ச் அறுக்க வெச்சீங்களே, நல்ல பைப்பு அது என்றார்.

எனக்குக் கடையே ஒரு சுற்று சுற்றியது. அன்றைக்கு உனக்கு வயது பதினொன்று. பள்ளிக்கூட மைதானத்தில் நீ வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது உன் கால் தரையில் எட்டாமல் தொங்கியதைப் பார்த்துப் பயந்து உன்னை இறக்கிவிட்டேன். இரண்டு காலும் பூமியில் முழுசாகப் பாவினால்தான் வண்டியைத் தொடவிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்புறம் நீ வளர்ந்தாய், வண்டி மாறியது, ஒவ்வொரு வண்டிக்கும் நானே சீட்டை இறக்கிவைத்தேன். தில்லிக்கு ரயில் ஏற்றும்போதுகூட ஜன்னல் வழியாக, எந்த வண்டி ஏறினாலும் முதலில் சீட்டை இறக்கு என்று சொன்னது நான்தான். நீ எத்தனையோ விஷயத்தில் என் பேச்சைக் கேட்டதில்லை, இந்த ஒன்றை மட்டும் பதின்மூன்று வருஷமாகத் தப்பாமல் கேட்டிருக்கிறாய். கண்ணு, மற்ற ஏழு பேர் சிரித்துக்கொண்டு போவதும் நீ அழுதுகொண்டு போவதும் அவர்கள் தைரியசாலிகள் என்பதால் இல்லை. அவர்கள் சீட்டு இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது, உன் சீட்டு உன் அப்பன் பயந்த உயரத்தில் இருக்கிறது.

இன்னொரு கூத்து கேள். சர்தார் பாய் அத்தோடு விடவில்லை, என் வண்டியைப் பார்த்தார், உங்களுக்கும் முட்டி வலிக்குமே என்றார். இருபத்தாறு வருஷமாக அது வாதம் என்று நினைத்து மாட்டுக்குத் தடவுகிற டர்பன்டைன் தைலத்தை என் முட்டிக்குத் தடவிக்கொண்டிருக்கிறேன், வீடே நாறுகிறது என்று நீயும் அம்மாவும் மூக்கைப் பொத்திக்கொள்வீர்களே, அதற்குக் காரணம் வாதம் இல்லையாம், என் சீட்டாம். அங்கேயே ஸ்பேனரை எடுத்து மூன்று விரல் உயர்த்திவிட்டார். உனக்கு எழுதுவதற்கு முன்னால் மருந்தை நானே சாப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று இன்று காலை லீவு சொல்லிவிட்டு மலையைச் சுற்றி ஒரு ரவுண்டு கிளம்பினேன். மிதிக்க மிதிக்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, வண்டி தானாகப் போகிறது, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறமாதிரி இருக்கிறது. ஓட்டுவது சுலபமாகிவிட்டதே தவிர இறங்குவதை நான் யோசிக்கவே இல்லை. அடி அண்ணாமலையில் வெள்ளையம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தப் போய், காலை ஊன்றினால் தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வண்டியோடு வைக்கோல் போரில் சாய்ந்துவிட்டேன். அடி கிடி ஒன்றும் இல்லை, பயப்படாதே. வெள்ளையம்மாள் ஓடிவந்து தூக்குவதற்குப் பதில் வாசலில் உட்கார்ந்து சிரித்தாள், பொண்ணு தில்லிலேர்ந்து வந்துகினு இருக்கா, அப்பன் வைக்கப்போருல கெடக்கறாரு என்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். நானும் வைக்கோலுக்குள் கிடந்தபடியே சிரித்தேன், எழுந்திருக்கவே மனசில்லை. வீட்டுக்கு வந்து குந்தி உட்கார்ந்து எழுந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து என்ன ஆச்சு என்றாள், வழக்கமாக நான் போடும் ஐயோ அம்மா சத்தம் வரவில்லையாம். வலி முழுசும் போய்விடவில்லை, ஒரே நாளில் எப்படிப் போகும், ஆனால் பாதி குறைந்தது நிஜம்.

ஆகையால் இனி எழுதுவது அனுபவப்பட்டவன் சொல்வது, கவனமாகப் படி. சீட்டை ஒரே நாளில் ஏற்றிவிடாதே, பழகின மூட்டு திகைத்துப்போகும், ஒரு நாளைக்கு அரை விரல் உயர்த்தினால் போதும். குதிகாலைப் பெடலில் வைத்துப் பெடலைக் கீழே தள்ளினால் கால் நேராக நிற்க வேண்டும், இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடக் கூடாது, அதுதான் சரியான உயரம். ஓட்டும்போது குதிகாலால் இல்லை, முன்பாதத்தால் மிதி. நிறுத்தும்போது சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு தரையைத் தேடாதே, நான் பட்டது போதும். முதலில் சீட்டை விட்டு முன்னால் நழுவி வந்துவிடு, பிறகு ஒரு காலை ஊன்று. சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருக்கிறதா என்று பார், தூக்கியிருந்தால் மட்டமாக வை, பாதி ரணம் அதனால்தான் வரும் என்கிறார் சர்தார் பாய். மேட்டில் நெஞ்சால் தள்ளாதே, கௌரவம் பார்க்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு நட, அது காலுக்கு ஓய்வு. அங்கே தை மாதக் குளிர் இங்கே மாதிரி இல்லை என்று கேள்விப்பட்டேன், காலையில் முழங்காலைத் துணியால் மூடிக்கொண்டு கிளம்பு, முதல் அரை மணி மெதுவாகவே மிதி. கொட்டகையிலிருந்து அவிழ்த்த மாட்டை யாராவது உடனே ஓட்டுவார்களா, நீ மட்டும் ஏன் உன்னை ஓட்டுகிறாய். சுண்டு விரல் மரப்பது ஹேண்டில் பாரை விடாப்பிடியாகப் பிடிப்பதால். பருத்தித் துணியைச் சுற்றிக்கொள், முழங்கையைக் கொஞ்சம் மடக்கி வை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிடியை மாற்று, சமமான ரோட்டில் ஒவ்வொரு கையாக எடுத்து உதறு. தோள் காதுக்கு ஏறியிருந்தால் இறக்கிவிடு, பயத்தில்தான் அது ஏறும்.

தாகம் வந்தபிறகு தண்ணீர் குடிப்பது தாமதம், அதற்கு முன்னாலேயே வாய் வாயாகக் குடி. எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு சிட்டிகை உப்பும் சர்க்கரையும் போட்டுக்கொள். ஒரே மூச்சில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதே, கடலை உருண்டையும் வாழைப்பழமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வா. சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் தொப்பென்று விழாதே, கால் மணி நேரம் உலாத்திவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் குளி, அப்புறம் சுவரோரம் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வை. எண்ணெய் தடவினால் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக, அழுத்திப் பிசையாதே. ஓய்வு நாள் என்றால் நாள் முழுக்கப் படுக்கை என்று அர்த்தம் இல்லை, படுத்தே கிடக்கிற மாட்டுக்குக் கால் இறுகிவிடும், காலையும் மாலையும் கொஞ்சம் நட. தூக்கத்தைக் குறைக்காதே, விடுதியில் போலப் பேசிக்கொண்டே இருக்காதே. உட்காரும் இடத்து ரணத்துக்கு அம்மா தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்து வைத்திருக்கிறாள், நான் படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள், படிக்கவில்லை. என் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், வண்டியை விட்டு இறங்கியதும் ஈரத்துணியை மாற்றிவிடு, சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவிடு, காய்ந்தபின் தேங்காய் எண்ணெய். கட்டி மாதிரி வந்தால் வெந்நீர் ஒற்றடம் கொடுத்து ஒரு நாள் வண்டி ஏறாமல் இரு, கிள்ளாதே, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போ. யார் என்ன தைலம் கொடுத்தாலும் தோல் உரிந்த இடத்தில் தடவாதே. இருபது வருஷம் முன்னால் நான் அந்த டர்பன்டைனைத் தடவிவிட்டு ஏரிக்கரையில் எத்தனை தூரம் ஓடினேன் என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கோபித்துக்கொள்ளாதே. சர்தார் பாய் கடையிலிருந்து வந்ததும், உன் பழைய பாவாடை ஒன்று வேண்டும், உயரம் அளக்க என்று கேட்டேன், அப்புறம் எதை மறைப்பது. உன் வலியைச் சொன்னேன், என் கடிதத்தையும் சொன்னேன். உன் வலிக்குக் கொஞ்சம் கண் கலங்கினாள். என் கடிதத்துக்குக் கலங்கவில்லை. பொண்ணு ஆயிரத்தி எண்ணூறு மைலு மெதிக்கிறா, உங்களுக்குக் கோவத்த ஒரு ராத்திரி அடக்க முடியலியா என்று கேட்டாள், நேற்று ராத்திரி எனக்கு மோரில் உப்பு இல்லை, அவ்வளவுதான் தண்டனை. இன்று காலை தபால் ஆபீசுக்கும் போனேன். போஸ்ட்மாஸ்டர் சக்கரபாணியிடம், போட்ட கடிதத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்டேன். மனுச் செய்யலாமாம், ஆனால் அந்த மனு மேலே போய்க் கீழே வருவதற்குள் உங்கள் மகள் குமரிமுனையில் குளித்துவிட்டே வந்துவிடுவாள் என்றார். பொண்ணு கேட்டு வாங்குனாத்தானே சார் குடுப்பாங்க, வாங்கினாலும் பிரிக்க வேணான்னு எழுதிடுங்களேன், உங்க பேச்சக் கேக்காதா என்றார். கேட்டதுதான் சார் இப்போது பிரச்சினை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நீ என் மகள், பிரிக்காதே என்றால் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாய். அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நானே சொல்லிவிடுகிறேன். உடனே ரயில் ஏறி வா என்று இருக்கிறது. உன் சைக்கிள் என் வாசலில் நிற்கக் கூடாது என்று இருக்கிறது. கடைசியில், உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு என்று இருக்கிறது. அது பொய் அம்மா. நான் செய்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால், அந்த மைதானத்தில் உன் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியதைத்தான் சொல்வேன். ஆகவே ஐதராபாத்தில் அந்த இன்லண்டை வாங்கி, பிரிக்காமல், சீட்டு உறைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து வா. வேறு எதற்கும் ஆகாவிட்டாலும் மெத்தைக்காவது ஆகட்டும். கிருஷ்ணகிரியில் நானே கையில் வாங்கி அம்மாவின் வெந்நீர் அடுப்பில் போட்டுக்கொள்கிறேன்.

ஆமாம், கிருஷ்ணகிரிக்கு வருகிறேன். அம்மா பஸ்ஸில் வருவாள், எட்டுப் பேருக்கும் புளிச்சோறும் முறுக்கும் கொண்டுவருவாள், இப்போதே பொரிகடலை வறுத்து வைத்துவிட்டாள், நமத்துப்போகும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். நான் சைக்கிளில் வருவேன். செங்கத்தில் ஒரு ராத்திரி, ஊத்தங்கரையில் ஒரு ராத்திரி, மூன்றாம் நாள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வாசல். அங்கிருந்து தருமபுரி வரை உங்களோடு நானும் மிதிக்கலாமா என்று உன் குழுத் தலைவியிடம் கேட்டுச் சொல், பேண்ட் போடவேண்டும் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். பெங்களூர் வந்ததும் தேதி சொல்லித் தந்தி கொடு. போளூர்க்காரர்களைப் பற்றிக் கவலைப்படாதே. சர்தார் பாய் விசாரித்துவிட்டுச் சொன்னார், அந்தப் பையனுக்குச் சைக்கிளே விடத் தெரியாதாம், தம்பிதான் கேரியரில் உட்காரவைத்து ஆபீசில் விடுகிறானாம். தப்பித்தோம்.

இன்லண்டுக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்பதால் இதைக் கவரில் போடுகிறேன், எக்ஸ்பிரசில் அனுப்புகிறேன், இருபத்திரண்டாம் தேதிக்குள் நாகபுரியில் கிடைத்துவிடும் என்று சக்கரபாணி சொல்கிறார். கடிதத்தோடு ஒரு சணல் கயிறு இருக்கும், குப்பை என்று போட்டுவிடாதே. நேற்று இருட்டினபிறகு மறுபடி கடைக்கு எடுத்துப்போன பாவாடையை அளந்து சர்தார் பாய் கட்டிக் கொடுத்தது. பெடலைக் கீழே தள்ளி, கயிற்றின் நுனியைப் பெடலில் வைத்துச் சீட்டின் மேல்மட்டம் வரை இழுத்துப் பிடி, கீழேயிருந்து வரிசையாக நாலு முடிச்சு தெரியும். முதல் முடிச்சுக்கு நாகபுரியிலேயே ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஒரு சுற்று போய்ப் பார். கிளம்பியபிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முடிச்சு வீதம் ஏறினால், ஐதராபாத் போகிற அன்றைக்கு நாலாவதில் இருப்பாய். கயிறும் குதிகாலும் வேறு வேறு சொன்னால் குதிகாலை நம்பு.

அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் உன் கூடவே வரட்டும், உன் கூட வருகிற ஏழு பெண்களுக்கும் எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல், அந்த முழங்கைக்காரப் பெண்ணிடம் வெள்ளையம்மாள் சார்பில் மன்னிப்புக் கேள். காற்று அடிக்க மறக்காதே, தண்ணீர் குடிக்க மறக்காதே. இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிட்டு ஒட்டிவிடுகிறேன். கயிற்றில் மூன்று முடிச்சைப் போட்டுவிட்டுச் சர்தார் பாய் மேலே ஒரு மைக்கோடு போட்டார், கடைசியை நீங்களே போடுங்க முருகையண்ணே, அன்னிக்கு எறக்கச் சொன்னது நீங்கதானே என்று என் கையில் கொடுத்தார். நேற்று போட வரவில்லை. இன்று மலையைச் சுற்றி வந்தபிறகு போட்டேன். நாலாவது முடிச்சு என்னுடையது. அங்கே ஏறி உட்கார்ந்தால் உன் கால் தரையில் எட்டாது. பரவாயில்லை, ஏறு.

என்றும் உன் சீட்டுக்குப் பின்னால் ஓடிவரும்
அப்பா
ப. முருகையன்